ஓகஸ்ட் எண்

பெப்ரவரி 8, சனி

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பனி ஹொக்கியில் பக், அந்த ரப்பர் வட்டு, அரங்கைச் சுற்றிய பலகையில் மோதினால் ஒரு சத்தம். தோள் மோதினால் வேறு. ஹெல்மெட் மோதினால், வெறும் பானையைச் சீமெந்துத் தரையில் வைத்த மாதிரி. ஏழு வயதிலிருந்து கேட்கிறேன். மாறி விளங்க வழியில்லை.

எலிஷ்காவின் தலை. மூலைப் பலகையில். எதிரணியின் ஆறாம் எண்காரி பின்னாலிருந்து தள்ளினாள். நடுவர் அவளை இரண்டு நிமிடம் வெளியே இருத்தினார். இரண்டு நிமிடம்.

எலிஷ்கா எழுந்தாள். அரங்கம் கைதட்டியது. விழுந்தவர் எழுந்தால் கைதட்டுவது இங்கே வழக்கம், எந்த நிலையில் எழுந்தார் என்று பார்ப்பதில்லை. பிறகு சறுக்கிக்கொண்டு போனாள், எதிரணியின் பெஞ்சுக்கு. அவர்களுடைய சிறு கதவைத் திறக்கக் கையை நீட்டினாள். கூட்டம் சிரித்தது. பகிடி விடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் போய்ச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

பயிற்சியாளர் மார்கஸ் மிச்ச ஆட்டத்துக்கு அவளை இருத்திவைத்தார். டாக்டர் திங்கட்கிழமை பார்ப்பார் என்றார். இன்று சனி. எங்களுக்கு டாக்டர் திங்களும் வியாழனும்தான். தலையில் அடி வாங்குபவர்கள் நாள் பார்த்து வாங்கவேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

யன்னல் சீலை மூடியே கிடக்கிறது. வெளியே பனியில் வெயில் பட்டுத் தெறிக்கிறது, அவளுக்கு அது கண்ணைக் குத்துகிறதாம். தலையிடியா என்று கேட்டேன். இல்லை, சும்மா என்றாள்.

கழகம் எங்கள் இருவருக்கும் தந்த வீடு இது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அவள் செக் நாட்டுக்காரி, இருபது வயது, முன்வரிசை, அணியில் யாரையும் விட வேகம். நான் கனடாவில் ஸ்கார்பரோக்காரி, இருபத்தாறு, பின்வரிசை. சட்டை முதுகில் NAGULESWARAN. உடுப்புகளுக்குப் பொறுப்பானவர் முதல் நாளே சொன்னார், உன்னுடைய பெயருக்கு உன்னுடைய முதுகு காணாது என்று. அதனால் எல்லோருக்கும் நான் நாகு. அது அப்பாவின் பெயர், அம்மாவுக்கு இது பெரிய மனக்குறை. கொப்பரை நாகு என்று கூப்பிட்டது அவருடைய தாய் மட்டும்தான் என்பாள்.

இந்த ஸ்வீடன் ஊரில் கட்டடத்துக்கு ஒரு துவைக்கும் அறை. சுவரில் பலகை, அதில் நாட்களும் மணிகளும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய நேரத்தில் பூட்டை மாட்டினால் அந்த நேரம் நம்முடையது. எங்கள் நேரம் ஞாயிறு மூன்று மணி. பூட்டை மாட்டுவது எலிஷ்காவின் வேலை, ஒருநாளும் பிசகியதில்லை. இன்று கூடையோடு இறங்கிப் போனால் உள்ளே வேறு ஒருவருடைய விரிப்புகள் சுழல்கின்றன. எங்கள் பூட்டு செவ்வாய் காலை ஏழில் தொங்குகிறது. பக்கத்தில் மூன்றாம் மாடிக் கிழவர் ஒட்டிய தாள்: செவ்வாய் ஏழு பதினோரு வருடங்களாகத் தன்னுடையது, வெளிநாட்டு விளையாட்டு வீராங்கனைகள் கவனிக்கவும்.

மேலே வந்து சொன்னேன். சிரித்தாள். பிறகு நாளைக்கு பஸ் ஒன்பது மணிக்கா என்று கேட்டாள். நாளைக்கு பஸ் இல்லை, பயணம் இல்லை என்றேன். பத்து நிமிடத்தில் திரும்பவும் கேட்டாள்.

பெப்ரவரி 10, திங்கள்

தேறிவிட்டாளாம்.

டாக்டர் ஹெடின் அவளைக் கணினிக்கு முன்னால் இருத்தினார். வருடா வருடம் ஓகஸ்டில் நாங்கள் எல்லோரும் செய்யும் அதே சோதனை. சொற்கள் வரும், ஞாபகம் வைக்கவேண்டும். வடிவங்கள் வரும், நிறம் மாறினால் விசையை அழுத்தவேண்டும். கடைசியில் ஒரு எண். ஓகஸ்டில் வந்த எண் நல்ல தலையின் எண். அடிபட்ட பிறகு வரும் எண்ணை அதோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் விளையாட விடமாட்டார்கள்.

குறையவில்லை. அச்சொட்டாக அதே எண்.

நடைபாதையில் டாக்டரை மறித்தேன். அவர் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். இந்த நோட்டில் எல்லோரும் என்னுடைய வாயில் வருகிற மாதிரித்தான் பேசுவார்கள், வேறு விதமாக எழுத எனக்கு வராது. பெஞ்ச் மாறிப் போனதைச் சொன்னேன். பூட்டைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பெஞ்ச் விஷயம் பகிடிக்குச் செய்தது என்று எலிஷ்கா சொன்னாளாம்.

“நீர் சொல்லுறது எனக்கு விளங்குது,” என்றார். “ஆனா ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு என்னட்ட ஓகஸ்ட் மட்டும்தான் இருக்கு.”

எண்ணை நம்பும் மடையர். முன்னால் ஒரு பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறாள், இவர் தாளைப் பார்க்கிறார்.

பெப்ரவரி 11

இன்று அவள் நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள் மிதித்தாள். இருபது நிமிடம். தலையிடி இல்லை என்று தாளில் புள்ளடி போட்டாள்.

பெப்ரவரி 13

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. ஏன் ஆறு என்றால், ஏழரைக்கு ஆண்களுக்குப் பனி வேண்டும். அவர்களுக்கு முழுநேர டாக்டர். உடம்பு பிடித்துவிட இரண்டு பேர். தலையில் அடி என்றால் பக்கத்து நகரத்துக்குக் கூட்டிப்போய் மூளையைப் படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு ஒரு கணினி, அதுவும் ஆண்கள் கழித்துவிட்டது.

பிறகு கடை. கழகத்துக்கு ஆதரவு தரும் பலசரக்குக் கடையில் எனக்குப் பகுதிநேர வேலை. பால் பெட்டிகளை அடுக்குவது, பழைய திகதியை முன்னுக்கு இழுப்பது. வாசலில் எங்கள் அணியின் ஆளுயரப் படம். நடுவில் எலிஷ்கா. ஒரு பெண் தன் மகளை அதற்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். உங்கள் செக் பிள்ளை இறுதிச் சுற்றில் ஆடுவாளா என்று என்னைக் கேட்டாள். டாக்டர் சரி என்கிறார் என்றேன். நல்லது, நல்லது என்றாள்.

எனக்கு அந்தப் படத்தைக் கிழிக்கவேண்டும் போலிருந்தது. தயிர்ப் பெட்டியை அவிழ்த்தேன்.

இருபத்தெட்டாம் திகதி, வெள்ளி, முதல் நொக்கவுட் ஆட்டம். ஒன்பது மணிக்கு பஸ். செக் தேசிய அணியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார், எலிஷ்காவைத்தான். அவள் ஒன்பது வயதிலிருந்து காத்திருக்கிற ஆள் அவர். இன்னொரு மோதல் விழுந்தால் என்ன ஆகும் என்று வாசித்திருக்கிறேன். ஆறாத மூளையில் இரண்டாவது அடி. வாசித்ததை இங்கே எழுதப் போவதில்லை.

இத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கூடவா நிறுத்தமாட்டார்?

பெப்ரவரி 16, ஞாயிறு

பூட்டை நானே மாட்டினேன். மூன்று மணிக்குத் துவைத்தேன்.

ஐந்து மணிக்கு அம்மா. அங்கே காலை பதினொன்று, முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நித்திரை கொண்டு எழும்பியிருந்தாள். சாப்பிட்டனியா, என்ன சாப்பிட்டனி, அங்கே மீன் கிடைக்குதா. எலிஷ்காவைப் பற்றிச் சொன்னேன். டாக்டரைப் பற்றி என் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

“டொக்டரைப் பேசுறாய். நீ சின்னனிலயே டொக்டரைப் பேக்காட்டின கள்ளி எல்லோ. நாலாம் வகுப்பில கண் சோதிக்க வந்தாங்கள். உனக்கு முன்னுக்கு நிண்ட பெட்டையிட்ட பலகையில என்ன எழுத்து எண்டு கேட்டு, பாடமாக்கிப் போட்டு, மளமளவெண்டு சொன்னனி. கண்ணாடி போட்டா ஹொக்கிக்கு விடமாட்டாங்கள் எண்டு. பிறகு ஒரு வருசம் கரும்பலகை தெரியாமல் கிடந்தனி.”

“அது வேற, அம்மா.”

“என்ன வேற? அந்த மனிசன் பாவம், உன்ர கண் வைரக் கண் எண்டு எழுதிப்போட்டுப் போனார்.”

துவைத்த உடுப்பை எடுக்கவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். உடுப்பை நாலு மணிக்கே எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 17

அது வேறு விஷயம்தான்.

பெப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கு முழு மோதல் பயிற்சி. ஒருவர் பக்கோடு பலகை ஓரமாக வரவேண்டும், பின்வரிசைக்காரி தோளால் மறிக்கவேண்டும். வரிசையில் எனக்கு எதிரே எலிஷ்கா வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். அவள் ஒருநாளும் குனிந்து வருபவள் இல்லை.

நான் விலகினேன். அவள் வெறுமையாகக் கடந்து போய்க் கோலுக்குள் அடித்தாள்.

மார்கஸ் விசிலை ஊதினார். திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பவும் விலகினேன். மூன்றாவது முறை என்னைப் பலகைக்குக் கூப்பிட்டார். நான் சத்தம் போட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அவளுக்குச் சரியில்லை, உங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை வெல்வதற்காகத் தெரியாத மாதிரி நிற்கிறீர்கள் என்றேன். மார்கஸ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“டொக்டர் சரி எண்டுட்டார். அவளும் சரி எண்டுறாள். நீ மட்டும் இல்லை எண்டுறாய்,” என்றார். “உனக்கு எப்பிடித் தெரியும், நாகு? எனக்குத் தெரியாத என்ன உனக்குத் தெரியும்?”

நான் ஹெல்மெட் வாரைக் கழற்றினேன். என்னை வெளியே போகச் சொன்னார். காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எலிஷ்கா உள்ளே வந்து, எல்லோருக்கும் முன்னால் தன்னைக் குழந்தையாக்கிவிட்டேன் என்றாள். வீட்டுக்கு வந்த பஸ்ஸில் தனியே இருந்தாள்.

பெப்ரவரி 22, சனி

சமாதானம். சமாதானத்தைத் தாங்க முடியவில்லை.

கடையிலிருந்து வந்தேன். சமையலறை மேசையில் என்னுடைய மூன்று மட்டைகள். வெள்ளிக்கிழமைக்காக எலிஷ்கா அவற்றின் பழைய டேப்பை உரித்துப் புதிதாகச் சுற்றியிருக்கிறாள். மட்டைக்கு டேப் சுற்றுவது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். இன்னொருவர் மட்டையை யாரும் தொடமாட்டார்கள். என்னுடையதைத் தொட இவளுக்கு மட்டும் அனுமதி. குதியிலிருந்து நுனிக்கு, ஒன்பது சுற்று, நுனியை மூடக்கூடாது.

முதல் மட்டை சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் ஐந்து சுற்று. மிச்ச டேப் உருளையோடு தொங்கிக்கொண்டு மேசை விளிம்பில் கிடந்தது.

அவள் தன் அறையிலிருந்து வந்தாள். மூன்றையும் முடித்துவிட்டேன், பார்த்தாயா என்றாள். மூன்றாவதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இது உனக்கு நன்றி சொல்ல என்றாள்.

எதற்கு நன்றி என்று கேட்டேன். எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்டேன்.

“ஓகஸ்டுக்கு. நீ சொல்லித் தந்தபடியாத்தான் நான் இப்ப விளையாடுறன்.”

சிரித்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

சரி. எழுதுகிறேன். இந்த நோட்டை அணியில் ஒருவராலும் வாசிக்க முடியாது. ஸ்கார்பரோவில் சனிக்கிழமைகளில் அம்மா இழுத்துக்கொண்டு போன தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் புண்ணியம். தமிழில் எழுதுவது மொழி மறக்காமல் இருக்க என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஓகஸ்ட் பதின்மூன்று. அவள் வந்து மூன்று நாள். மறுநாள் சோதனை. துவைக்கும் அறையில் இருந்தோம், இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: நாளைக்குக் கொஞ்சம் பிழையாகச் செய். அதிகம் பிழை விட்டால் கணினி கண்டுபிடித்துவிடும். ஐந்து சொல்லில் ஒன்றை மற. நிறம் மாறியதும் ஒன்று எண்ணிவிட்டு அழுத்து. பிறகு என்றைக்காவது அடிபட்டால் உன்னுடைய எண் குறையாது, உன்னை வெளியே இருத்தமாட்டார்கள். அவள் ஏன் என்று கேட்டாள். பெப்ரவரியில் எனக்கு நன்றி சொல்வாய் என்றேன்.

அதே வார்த்தை. பெப்ரவரியில்.

எனக்கு இதை அமெரிக்காவில் பல்கலைக்கழக அணியின் தலைவி சொல்லித் தந்தாள். அவளுக்கு வேறு ஒருத்தி. மூத்தவள் இளையவளுக்குக் கொடுக்கும் பரிசு மாதிரித்தான் கொடுக்கிறோம். அன்போடு கொடுத்தேன். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

இந்த நோட்டைப் பின்னாலிருந்து வாசித்தேன். பத்தாம் திகதி: எண்ணை நம்பும் மடையர். அந்த எண்ணை அவருக்கு எழுதிக் கொடுத்தது நான். அவர் தாளைப் பார்த்தார், தாளில் நான் இருந்தேன். பதின்மூன்றாம் திகதி: ஒருவர் கூடவா நிறுத்தமாட்டார். வாசிக்கும்போது முகம் சுட்டது.

இருந்தும் ஆண்கள் அணியின் டாக்டர் விஷயத்தில் நான் எழுதியது சரிதான். அதை வெட்டப் போவதில்லை. ஒருத்தி அடிபட்ட அன்றைக்கே ஒரு மனிதர் வந்து அவள் கண்ணைப் பார்த்திருந்தால் எந்த எண்ணும் வேண்டியிருந்திருக்காது. ஆனால் அதைச் சொல்ல நான் ஆள் இல்லை.

அவளிடம் கேட்டேன், நீயே போய்ச் சொல் என்று. நான் உன்னோடு வருகிறேன் என்று. மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை மட்டும். ஒரே ஒரு ஆட்டம். அந்த ஆள் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு ஒரு மாதம் இருட்டில் படுக்கிறேன் என்றாள். எனக்கு இருபது வயதில் இதே கணக்கு இருந்தது. அப்போது யாராவது போய்ச் சொல்லியிருந்தால் ஆயுளுக்கும் அவளோடு பேசியிருக்கமாட்டேன்.

பெப்ரவரி 25

நான் போய்ச் சொன்னால்: அவள் அணியில் இல்லை. நானும் இல்லை, ஏனென்றால் என்னுடைய ஓகஸ்டும் அப்படித்தான். எனக்குத் தெரிந்து இன்னும் நாலு பேர். வெள்ளிக்கிழமைக்கு அணியே இராது. உடைமாற்றும் அறையில் பேசியதை வெளியே கொண்டுபோனவளை இந்த நாட்டில் எந்தக் கழகமும் எடுக்காது. ஹொக்கி ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஊர்தான்.

சொல்லாவிட்டால்: பானையின் சத்தம்.

பெப்ரவரி 27, வியாழன்

டாக்டர் ஹெடின் எட்டரைக்கு வந்தார். சப்பாத்தில் பனி. நான் கதவடியில் நின்றேன். உள்ளே வரச் சொன்னார், இருக்கச் சொன்னார். இருக்கவில்லை.

சொன்னேன். துவைக்கும் அறை, ஐந்து சொல்லில் ஒன்று, ஒன்று எண்ணிவிட்டு அழுத்துவது. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் கோப்பில் இருந்து இரண்டு தாள்களை உருவி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவளுடையதையும் என்னுடையதையும். வேறு யார் யார் என்று கேட்டார். நான் இரண்டு பேரைப் பற்றித்தான் பேசலாம் என்றேன். மற்றவர்களையும் புதிதாகச் சோதியுங்கள், வெறும் எண்ணை மட்டும் பார்க்கவேண்டாம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என்னட்ட ஓகஸ்டும் இல்லை,” என்றார்.

பிறகு மார்கஸைக் கூப்பிட்டார். நான் இன்னொரு தரம் சொல்லவேண்டியிருந்தது. மார்கஸ் சத்தம் போடவில்லை. வரிசைப் பலகைக்குப் போய் எலிஷ்காவின் பெயர்க் காந்தத்தை எடுத்தார். பிறகு என்னுடையது. இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இண்டைக்குத்தான் சொல்லக் கிடைச்சுதா?” என்றார். “பத்தாம் திகதி சொல்லியிருக்கலாம்.”

உண்மை. பதினேழு நாள். அவளைப் பதினேழு நாள் பனியில் விட்டேன், அத்தனை நாளும் மற்றவர்கள்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டு.

எலிஷ்காவை நகர ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டரே தன்னுடைய காரில் கூட்டிப்போனார். மூன்று மணிக்குக் கொண்டுவந்து விட்டார். மூளையில் கசிவு இல்லை. ஆனால் ஆறவில்லை. குறைந்தது ஆறு வாரம். வாசலில் வைத்து அதைச் சொன்னார், எனக்குச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அவள் என்னைப் பார்க்காமல் உள்ளே வந்தாள். பாதி சுற்றிய மட்டை இன்னும் மேசையோரம் நின்றது. அதைக் கடந்து போய், தன் அறைக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“உன்னை என்ர அக்கா மாதிரி நினைச்சனான்,” என்றாள். “இனி என்னோட கதையாத.”

சரி என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கு முன்னமே கதவு திரும்பவும் திறந்தது. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

“நாளைக்கு பஸ் ஒன்பது மணிக்கோ?”

“நாளைக்கு எங்களுக்கு பஸ் இல்லை,” என்றேன். “உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.”

தலையாட்டினாள். தெரியும் என்ற மாதிரி. கதவைச் சாத்தினாள்.

பயிற்சிப் பைகள் இரண்டும் நடையில் ஈரமாகக் கிடந்தன. கீழே போய்ப் பலகையைப் பார்த்தேன். வியாழன் ஐந்து மணியில் யாருடைய பூட்டும் இல்லை. எங்கள் பூட்டை அங்கே மாட்டி, இருவருடைய உடுப்பையும் துவைத்தேன்.